நுவரெலியாக் குளிரிலும் குப்பை உக்கும்

ஜனவரி மாதத்து விடியற்காலை. நுவரெலியாவில் இரவு வானம் முகிலின்றித் தெளிந்திருந்தால் மறுநாட் காலையில் புற்றரை வெண்ணிறம் பூண்டிருக்கும். உறைபனி படிந்த தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகிச் சுருளும். அத்தகைய ஒரு காலையில் வீட்டின் பின்புறத்தில் உள்ள கூட்டெருப் பெட்டியின் மூடியைத் திறந்து, சமையலறைக் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் நின்ற அயலவர், "இந்தக் குளிருக்கு அது உக்காதுங்க ஐயா. வீண் வேலை. பேசாம லொறிக்குப் போட்டுருங்க" என்றார்.

அவர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மரக்கறி வியாபாரம் செய்பவர். அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமன்று, இவ்வூரின் பொதுக்கருத்தும் அதுவே. நானும் ஒரு காலத்தில் அதை நம்பியவன்தான். வேலியோரத்தில் நின்று வாதிட்டு வெல்லும் திறமை எனக்கு என்றும் இருந்ததில்லை. எழுதித் தீர்க்கும் பழக்கமே நாற்பது ஆண்டுகளாக ஊறிப் போயிருக்கிறது. ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பின் புறத்தே மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து குடிமனைகளின் மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலரைப் போல நானும் அப்போது காரசாரமாக எழுதினேன். அதிகாரிகளைக் கண்டித்தேன், அரசியல்வாதிகளைச் சாடினேன். எழுதி முடித்த அதே இரவில், மரக்கறித் தோலையும் எஞ்சிய சோற்றையும் வாழைப்பழத் தோலையும் ஒரே பையில் இட்டுக் கட்டி வாசலில் வைத்தேன். மீதொட்டமுல்லை மூடப்பட்டால் அந்தப் பை வேறோர் ஊரவரின் தலையில்தான் போய் விழும் என்பது எனக்குத் தெரியாததன்று. நமது நாட்டில் வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உக்கக்கூடியது. அந்தப் பாதியை வாசலுக்கு வெளியே அனுப்பாமல் இருப்பதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. ஆயினும் நான் செய்யவில்லை. கண்டனம் எழுதுவதற்கு ஒரு மணித்தியாலம் போதும். கூட்டெரு செய்வதற்கு ஆண்டு முழுவதும் வேண்டும் என்பதே காரணமாக இருக்கலாம்.

இளைப்பாறியபின் நுவரெலியாவுக்குக் குடிவந்தோம். வீடும் வளவும் சேர்ந்து ஆறு பேர்ச்சஸ் நிலம். வீடு போக எஞ்சுவது பின்புறத்தில் ஒரு சிறு முற்றம். வந்த ஆண்டே தொடங்கிவிட வேண்டும் என்று, யாழ்ப்பாணத்தில் என் பாட்டனார் செய்த முறைப்படி ஒரு கிடங்கு வெட்டினேன். எங்கள் வளவின் கோடியில் அத்தகைய குப்பைக் கிடங்கு எப்போதும் இருந்தது. வீட்டுக் குப்பையும் ஆட்டுப் புழுக்கையும் சருகும் அதனுள் போகும். மாரிக்கு முன் அள்ளித் தோட்டத்துக்குப் போடுவார்கள். யாழ்ப்பாணத்து மண்ணுக்கும் வெயிலுக்கும் அது பொருத்தமான முறை. வரண்ட நிலத்தில் ஈரத்தைக் காப்பதற்குக் கிடங்கு உதவும். நான் வெட்டியதோ ஜூன் மாதத்து நுவரெலியாவில், தென்மேற்குப் பருவமழையின் நடுவில். இரண்டு வாரத்தில் கிடங்கு கிணறாயிற்று. கோவா இலையும் உருளைக்கிழங்குத் தோலும் கறுத்த நீரில் மிதந்தன. நாற்றம் தாங்காமல் அயலவர் முறையிட்டார். குளிர்தான் காரணம் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். கிடங்கை மண்ணிட்டு மூடினேன்.

அது தவறான தீர்ப்பு என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு மூதாட்டி. அயலில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். லயத்தின் பின்னால் சிறு துண்டு நிலத்தில் கீரையும் லீக்ஸும் வைத்திருக்கிறார். எனக்குக் கீரை கொண்டுவந்த ஒருநாள், மூடிய கிடங்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "குளிரு ஒண்ணும் செய்யாதுங்க ஐயா. நமக்குக் கம்பளி வேணும்னா அதுக்கும் வேணாமுங்களா? நீங்க அதைத் தண்ணியில முக்கிப்புட்டீங்க" என்றார். அவர் வீட்டுக் குவியலைச் சென்று பார்த்தேன். நிலமட்டத்துக்கு மேலே, சுள்ளிகளின் மீது அடுக்கியிருந்தார். மேலே பழைய தகரம். சுற்றிலும் நிழல் மரங்களின் காய்ந்த இலை அடைத்த சாக்குகள். கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது.

அதன்பின் புத்தகங்களைப் புரட்டினேன். அந்த மூதாட்டி சொன்னதற்கு மேலாக அவை எதையும் சொல்லவில்லை; காரணத்தை மட்டும் விளக்கின.

கழிவை உக்கச் செய்பவை பற்றீரியாவும் பங்கசுகளும். அவற்றுக்கு நான்கு தேவைகள் உண்டு: காபன், நைதரசன், ஒட்சிசன், ஈரம். காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றில் காபன் மிகுதி. பச்சைக் கழிவிலும் சாணத்திலும் நைதரசன் மிகுதி. நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு இருந்தால் அவை நன்கு இயங்கும். நனைத்துப் பிழிந்த துணியளவு ஈரம் போதும். அதற்கு மேல் நீர் தேங்கினால் காற்றுப் புகும் இடைவெளிகள் அடைபடும். ஒட்சிசன் இன்றி வாழும் வேறு நுண்ணுயிர்கள் அங்கே ஆட்சி பிடிக்கும். என் கிடங்கில் எழுந்த நாற்றம் அவற்றின் வேலை.

குளிர் என்ன செய்கிறது? உயிரியல் வேலைகளின் வேகம், ஒரு வரம்புக்குள், 10 பாகை செல்சியஸ் குறையும்போது ஏறத்தாழப் பாதியாகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் நிற்கிறது. கொழும்பிலோ அது 27 பாகையைத் தாண்டும். ஆகவே கொழும்பில் மூன்று மாதத்தில் ஆகும் வேலைக்கு இங்கே ஆறு மாதம் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். குளிர் கூட்டெருவைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் இரண்டாம் மாதத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நுண்ணுயிர்கள் உண்ணும்போது வெப்பத்தை வெளிவிடுகின்றன. குவியல் சிறிதாயின் அந்த வெப்பம் பிறந்தவுடன் காற்றோடு போய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றர் அளவுக்கு வந்தால் உள்ளே பிறக்கும் வெப்பம் உள்ளேயே தங்கத் தொடங்கும். நடுப்பகுதி 50 பாகைக்கு மேலும் ஏறக்கூடும். வெளியே உறைபனி, உள்ளே கொதிப்பு என்பது இப்படித்தான் நிகழ்கிறது. சிறு வளவுக்காரரின் இடர்ப்பாடும் இதுவே. இருவர் வாழும் வீட்டில் நாளுக்கு ஒரு சிரட்டை கழிவு சேரும். அதை அன்றன்றே கொண்டுபோய்க் கொட்டினால், குளிர்ந்த குவியலின் மேல் குளிர்ந்த கழிவு சேருமேயன்றிச் சூடு பிறக்காது.

இரண்டாம் முறை நான் செய்தது இதுதான். பழைய பலகைகளால் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீற்றர் கொண்ட பெட்டி ஒன்றைச் செங்கற்களின் மேல் நிறுத்தினேன். எலி புகாதபடி அடியில் கம்பிவலை, அதன்மேல் சுள்ளிகள். உட்புறச் சுவர்களை ஒட்டிக் காய்ந்த இலை அடைத்த சாக்குகள், அவைதாம் கம்பளி. மேலே சரிவாக ஒரு தகரம். மழைநீர் பெட்டிக்குள் வடியாமலும் அயலவர் பக்கம் ஓடாமலும் ஒரு சிறு வாய்க்கால். வடிகானை மறித்துக் குவியல் வைப்பது மலைச்சரிவில் ஆபத்தானது என்பதை இங்கு சொல்லியாக வேண்டும்.

சமையலறைக் கழிவை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, மூடியுள்ள வாளியில் கிழமை முழுவதும் சேர்த்து வைக்கிறோம். ஒவ்வொரு நாளும் மேலே ஒரு பிடி மரத்தூள் போட்டால் வாளி நாறாது. சனிக்கிழமை நண்பகலில், வெயில் இருக்கும்போது, பெட்டியின் நடுவைத் தோண்டி மொத்தமாக அதனுள் இடுவேன். ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை. வடிகட்டிய தேயிலைச் சக்கை எல்லாம் உள்ளே போகும். மீன், இறைச்சி, எண்ணெய் கலந்த சோறு ஆகியவற்றுக்கு இடமில்லை. பெட்டியை நிரப்புவதற்கு வீட்டுக் கழிவு போதாது என்பதால் சந்தையில் கழித்துப் போடும் லீக்ஸ் இலையும் கோவாவின் வெளி இலையுமாக இரண்டு சாக்கும், ஒரு சாக்குச் சாணமும் கொண்டுவந்து சேர்த்தேன். அந்தச் சந்தைக் கழிவைத் தந்தவர் வேறு எவருமல்லர், "உக்காது" என்று சொன்ன அதே அயலவர்தான். கிளறுவதைக் குளிர் மாதங்களில் மூன்று கிழமைக்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டேன். அடிக்கடி கிளறினால் சேர்ந்த சூடு பறந்துவிடும்.

நீண்ட கம்பி கொண்ட வெப்பமானி ஒன்று வாங்கியிருந்தேன். பெட்டி நிறைந்த மூன்றாம் நாள் நடுப்பகுதி 52 பாகை காட்டியது. உறைபனி விழுந்த அந்த ஜனவரிக் காலையில் முற்றத்தில் 3 பாகை, பெட்டிக்குள் 44 பாகை. மூடியைத் திறந்தபோது ஆவி எழுந்ததை அயலவரும் கண்டார். எனினும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அது வெறும் புகை என்றார். மார்ச் மாதத்தில் சூடு 20 பாகைக்கு இறங்கியது. அதன்பின் மண்புழுக்கள் வந்தன. டிசம்பரில் தொடங்கிய பெட்டியிலிருந்து ஜூனில் கரிய, மண் மணக்கும் எருவை அள்ளினேன். ஒரு மீற்றர் உயரம் முழங்கால் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

இத்துடன் இக்கட்டுரையை நிறுத்தினால் கூட்டெருவுக்குப் புகழ்மாலை சூட்டியவனாவேன். அது என் நோக்கமன்று. "குளிரில் உக்காது" என்ற அவநம்பிக்கைக்கு எதிராக எழுதும் நான், அதற்கு நேரெதிரான மூடநம்பிக்கையைப் பற்றியும் எழுதக் கடமைப்பட்டவன்.

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியை அரசாங்கம் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் தடுத்தது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாறிவிடும் என்று சொல்லப்பட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை வீழ்ந்தது. இம்மலைச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் பயிரிட்டவர்கள் கடனாளிகளாயினர். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா காணப்பட்டதாகக் கூறி அக்கப்பலின் சரக்கை இறக்க அனுமதி மறுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் "சேதனப் பசளை" என்ற சொல்லே விவசாயிகளின் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் நைதரசன் 46 வீதம், அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில், உலர் நிறையில், நைதரசன் ஒன்று முதல் இரண்டு வீதம் வரை இருக்கும். ஒன்றரை வீதம் என்று கொண்டாலும் அந்த ஒரு மூட்டையிலுள்ள நைதரசனை ஈடுசெய்ய 1500 கிலோவுக்கு மேற்பட்ட உலர்ந்த கூட்டெரு வேண்டும். அதிலும் நைதரசனின் பெரும்பகுதி உடனே பயிருக்குக் கிட்டாது. மண்ணில் மெல்ல மெல்லவே விடுபடும். குளிர்ந்த மண்ணில் இன்னும் மெல்ல. இந்தக் கணக்கை வர்த்தமானியால் மாற்ற முடியாது. ஆறு மாதத்தில் உக்க வேண்டியதை ஆறு கிழமையில் உக்கியதாகச் சொல்லி விற்றால், அரைகுறையாக உக்கிய அந்தப் பொருள் மண்ணிலுள்ள நைதரசனையும் தனக்கென எடுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். அவசரத்தின் விலையை விவசாயிகள் கொடுத்தார்கள். பழியைக் கூட்டெரு சுமந்தது.

என் அயலவரின் அவநம்பிக்கையும் அன்றைய ஆட்சியாளரின் அதீத நம்பிக்கையும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன். கூட்டெரு தனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை இருவரும் ஏற்க மறுத்தார்கள். இருவரும் அதனிடம் கேட்டதும் தவறானது. வீட்டுக் கூட்டெரு நாட்டின் உரத் தேவையைத் தீர்க்கும் வழியன்று. நம் வீட்டுக் குப்பையை இன்னொருவரின் வாசலுக்கு அனுப்பாமல் இருப்பதற்கான வழி அது. மண்ணின் ஈரப்பிடிப்பும் பொருபொருப்பும் கூடுவது அதனுடன் வரும் நன்மை. அந்த அளவில் அதை மதித்தால் அது ஏமாற்றாது.

இனி, பொறுப்பிலுள்ளவர்களிடம் சில வேண்டுகோள்கள். எனக்கு ஒருமுறை கறுப்புப் பிளாஸ்டிக் பரல் ஒன்று கிடைத்தது. அதனுடன் வந்த துண்டுப்பிரசுரம் மூன்று மாதத்தில் எரு தயார் என்றது. தாழ்நாட்டுக்கு எழுதிய குறிப்பை மலைநாட்டுக்கும் அப்படியே கொடுத்திருந்தார்கள். நம்பிச் செய்தவர்களில் பலரின் பரல்கள் இன்று மழைநீர் சேர்க்கின்றன. மலைநாட்டில் பரல் கொடுப்பவர்கள் காய்ந்த இலையின் தேவையையும், கூரையையும், ஆறு மாதத்தையும் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அடுத்து, நகரத்தின் பூங்காக்களிலும் வாவியோரத்திலும் வீதியோரங்களிலும் உதிரும் இலையை எரிக்காமல் சாக்குகளில் கட்டி, வேண்டும் வீட்டாருக்குக் கொடுக்கலாம். குளிர் மாதங்களில் பச்சைக் கழிவு எவரிடமும் உண்டு. காய்ந்த இலைக்குத்தான் தட்டுப்பாடு. ஏப்ரல் வசந்தகாலத்தில் வெளியூர்க் கூட்டம் வந்து குவியும்போது நகரத்தின் குப்பை எப்படிப் பெருகுகிறது என்பதைக் கண்டவர்கள், உள்ளூர் வீடுகளாவது தம் பங்கைக் குறைப்பதன் பெறுமதியை உணர்வார்கள்.

மூன்றாவது வேண்டுகோள் குப்பையைப் பற்றியதே என்றாலும் குப்பையோடு முடிவதன்று. கம்பளியைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்த மூதாட்டியிடம், "அம்மா, உங்கள் குவியலைப் பெரிதாக்கி லயத்தில் உள்ள எல்லோருமாகச் செய்யலாமே" என்று கேட்டேன். "செய்யலாமுங்க. நாளைக்கு அந்த எடத்தை விட்டு எந்திரிக்கச் சொன்னா எருவைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?" என்றார். கூட்டெரு என்பது மண்ணில் இடும் வைப்புப் பணம். அதன் வட்டி அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வரும். நிற்கும் நிலத்தில் உரிமையில்லாதவர் எந்த நம்பிக்கையில் வைப்பு இடுவார்? தம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை மலையக மக்கள் 2023இல் நினைவுகூர்ந்தனர். லயத்தின் பின்னாலுள்ள அந்தத் துண்டு நிலம் இன்னும் அவர் பெயரில் இல்லை. தோட்டக் குடியிருப்புகளில் கழிவு முகாமை பற்றிக் கருத்தரங்கு நடத்துவோர் இதையும் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதத்தில் பெட்டியைத் திறந்த அன்று அயலவரையும் அழைத்தேன். ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஒரு வாளியுடன் வந்து, மனைவி ரோசாச் செடிக்குக் கேட்பதாகச் சொன்னார். கொடுத்தேன். சென்ற கிழமை அவர் வீட்டு முற்றத்தில் கூட்டிக் குவித்த இலைக்கு வழக்கம்போல நெருப்பு வைக்கவில்லை. மூன்று சாக்குகளில் கட்டி வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் இறக்கி வைத்திருந்தார். சொந்தமாக ஒரு பெட்டி செய்யும் எண்ணம் அவருக்கு இன்னும் வரவில்லை. வரும் டிசம்பருக்கு முன் மறுபடியும் கேட்டுப் பார்ப்பேன்.